டைகர் ஏன் கடித்தான்? வீட்டு நாயின் கடியைப் புரிந்துகொள்ளவும் கையாளவும் முழுமையான வழிகாட்டி

மே மாதம், செந்தூரா மாம்பழப் பறிப்பு முடிகிற சமயம். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் தோப்பில் விடியற்காலையிலிருந்தே கூலியாட்கள், பழம் அடுக்கிய கிரேட் பெட்டிகளை ஏற்றும் மினி லாரி, பழக்கமில்லாத குரல்கள். மதியம் சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து பழம் தின்றுவிட்டுக் கொட்டையை வாசலில் எறிந்தார். டைகர் அதைக் கவ்விக்கொண்டு கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தான். "டேய், தொண்டையில சிக்கிக்கப் போவுது, குடுடா" என்று குனிந்து கையை நீட்டினார் சித்தப்பா. ஒரு சத்தம் இல்லை. அடுத்த நொடி அவர் புறங்கையில் நான்கு பல் ஓட்டை.

"உறுமக்கூட இல்லடா, நேரா போட்டுட்டான்" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு வருடம் சோறு போட்ட நாய் நன்றிகெட்டுப் போச்சு என்று ஊரே பேசியது. எனக்கு மட்டும் வேறொன்று உறுத்தியது. டைகர் ஒரு வயதுக் குட்டியாக இருந்தபோது சோற்றுத் தட்டருகே போனால் உறுமுவான். ஒவ்வொரு தடவையும் செருப்பால் போட்டேன். ஒரே மாதத்தில் உறுமல் நின்றது. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று அப்பா பாராட்டவும் செய்தார். நின்றது உறுமல் மட்டும்தான். தட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் அப்படியே உள்ளே கிடந்திருக்கிறது. கடிக்கு முன்னால் வரவேண்டிய எச்சரிக்கையை நானே அடித்துப் பிடுங்கி எறிந்திருந்தேன்.

அதற்குப் பிறகு படித்ததும், கால்நடை மருத்துவரிடம் கேட்டதும், டைகரோடு ஏழெட்டு மாதம் மல்லுக்கட்டியதும் கீழே. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். பலர் ஐந்தாவது படியைச் செய்யாமல் நேராக ஆறாவதுக்குப் போய்த்தான் இரண்டாவது கடி வாங்குகிறார்கள்.

முதல் படி: நாயை விடுங்கள், காயத்தைப் பாருங்கள்

கடி விழுந்தவுடன் நாயை அடிக்க ஓடாதீர்கள். ஒருவர் அதை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தட்டும், இன்னொருவர் கடிபட்டவரைக் குழாயடிக்குக் கூட்டிப்போகட்டும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், மனக்கணக்கில் கழுவினால் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவோம். ரேபிஸ் என்ற வெறிநோய்க் கிருமி இருந்தால் அதன் அளவைக் குறைக்க நம் கையில் உள்ள வலுவான ஆயுதம் இந்தச் சோப்புத் தண்ணீர்தான். பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி தடவலாம். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். எங்கள் வீட்டிலும் பாட்டி சுண்ணாம்பு டப்பாவோடு வந்து நின்றார், தடுக்க வேண்டியிருந்தது. கட்டு இறுக்கிப் போடவும் கூடாது.

அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விடுங்கள். தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், ரேபிஸ் சிகிச்சைக் கணக்கில் அது மூன்றாம் வகைக் கடி. அதற்குத் தடுப்பூசியோடு, கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்தைச் சுற்றியே செலுத்துவார்கள். டெட்டனஸைத் தடுக்கும் டி.டி. ஊசி வேண்டுமா, தையல் இப்போது போடலாமா என்பதையெல்லாம் மருத்துவர் முடிவு செய்வார். நடுவில் ஒரு தவணையும் விடக்கூடாது.

"நம்ம வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கே" என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பது பெரிய தவறு. நாய்க்கு ஊசி போட்ட சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், முடிவை அவர்களிடம் விடுங்கள். ரேபிஸ் அறிகுறி மனிதனுக்கு வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம்.

நாயைக் கொல்லவோ, கொண்டுபோய் எங்காவது விடவோ கூடாது. பத்து நாள் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். பத்து நாளும் அது நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் ரேபிஸ் இல்லை என்று பொருள். இடையில் குரல் மாறினால், தாடை தொங்கி எச்சில் ஒழுகினால், விழுங்க முடியாமல் தவித்தால், கல்லையும் கட்டையையும் கடித்தால், அல்லது காரணமில்லாமல் இருட்டு மூலையில் ஒடுங்கினால் அருகே போகாமல் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். வெறி என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் என்றுதான் நினைக்கிறோம், சத்தமில்லாமல் முடங்கிப்போகும் வகையும் உண்டு.

இரண்டாம் படி: எவ்வளவு கடி என்று அளவிடுங்கள்

இயான் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் கடியை ஆறு நிலையாகப் பிரித்தார். பல் படாமல் காற்றில் வெறுமனே கவ்வுவது ஒன்று. பல் பட்டும் தோல் கிழியாதது இரண்டு. ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு ஓட்டை, கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் இறங்காதது மூன்று. பாதிக்கு மேல் ஆழமாக இறங்கியது, பிடித்து உதறியது நான்கு. ஒரே தடவையில் பல ஆழமான கடி ஐந்து. உயிர் போவது ஆறு.

சித்தப்பாவுக்கு விழுந்தது மூன்றாம் நிலை. அவர் கணக்கில் அது பத்து, அது வேறு விஷயம். ஒன்றும் இரண்டும் என்றால் நாய் தன் வாயை அடக்கிவைத்துத்தான் பேசியிருக்கிறது, வீட்டிலேயே பொறுமையாகச் சரிசெய்ய நல்ல வாய்ப்பு உண்டு. மூன்று என்றால் கடைசி வரை எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நான்கும் அதற்கு மேலும் என்றால் இந்தக் கட்டுரையை நம்பி நீங்களாக எதையும் செய்யாதீர்கள், எட்டாம் படிக்குப் போய்விடுங்கள்.

மூன்றாம் படி: கடிக்கு முந்தைய பத்து நொடியை எழுதுங்கள்

"குரைக்கிற நாய் கடிக்காது" என்பதை நம்பிக் கடி வாங்கியவர்கள் ஏராளம். குரைப்பதும் கடிக்கும், குரைக்காததும் கடிக்கும். பார்க்க வேண்டியது உடம்பை.

நாய்க்குப் பிடிக்காத ஒன்று நெருங்கும்போது அது படிப்படியாகத்தான் ஏறும். முதலில் பசியில்லாமலே உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தலை அசையாமல் கண் மட்டும் நம் பக்கம் திரும்பும், அப்போது ஓரத்தில் வெள்ளை விழி பிறை மாதிரி தெரியும். காது பின்னால் ஒட்டும், உடம்பு ஒரு கணம் கல்லாகச் சமையும். அதற்குப் பிறகு உறுமல், பல்லிளிப்பு, காற்றில் ஒரு வெற்றுக் கடி. கடைசியில்தான் நிஜக் கடி. வாலாட்டுகிறதே என்று ஏமாறாதீர்கள். விறைத்து நிமிர்ந்த வால் மேலே நின்று சின்னதாகத் துடித்தால் அது சந்தோஷம் இல்லை.

ஒரு நோட்டில் நான் எழுதியது இது: யார், எங்கே, நாய் என்ன வைத்திருந்தது, எந்தப் பக்கமிருந்து கை வந்தது, அதற்கு முந்தைய ஆறு மணி நேரம் எப்படிப் போனது. கடைசிக் கேள்விதான் கண்ணைத் திறந்தது. அன்று டைகர் அதிகாலையிலிருந்து தூங்கவில்லை. முப்பது புது ஆட்கள். லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் சத்தம். வெயில். பிறகு அந்த மாங்கொட்டை. கிரேட்டின் மேல் கிரேட் அடுக்குவது போலத்தான், அடியில் இருப்பது எவ்வளவு தாங்கும் என்று பார்க்காமல் நாம் அடுக்கிக்கொண்டே போகிறோம், கடைசிக் கிரேட் வைத்தவன் மேல் பழி விழுகிறது.

சித்தப்பாவின் பயத்திலும் நியாயம் இருந்தது. மாங்கொட்டை குடலில் அடைத்து அறுவை சிகிச்சை வரை போகும். பிடுங்கிய விதம்தான் தப்பு.

நான்காம் படி: மருத்துவரிடம் ஒரு முழுப் பரிசோதனை

எழுதி முடித்த நோட்டோடு கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் டைகரின் இடது காதை மடித்துப் பார்த்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் மெழுகு மாதிரி அப்பியிருந்தது, புளித்த வாடை. "இந்தப் பக்கமிருந்துதானே கை வந்தது?" என்று கேட்டார். ஆமாம், இடது பக்கமிருந்துதான். இரண்டு வாரமாகத் தலையை உதறிக்கொண்டிருந்ததை நான் ஈ மொய்க்கிறது என்று நினைத்திருந்தேன்.

சாதுவாக இருந்த நாய் திடீரென்று மாறினால் முதல் சந்தேகம் வலியின் மேல் விழட்டும். காது, பல், இடுப்பு எலும்பு, முதுகு, காலிடுக்கில் உண்ணி, வயதான நாயாக இருந்தால் பார்வை மங்கலும் காது மந்தமும். எவ்வளவு நல்ல பயிற்சியும் பல்வலியோடு இருக்கிற நாயிடம் எடுபடாது.

கருத்தடை செய்தால் சரியாகிவிடுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஊர் சுற்றுவதும், ஆண் நாய்களுக்குள் நடக்கும் சண்டையும் குறையலாம். பயத்தில் கடிக்கிற நாய்க்கு அது மருந்து இல்லை.

ஐந்தாம் படி: அடுத்த கடி விழாமல் வீட்டை மாற்றுங்கள்

பயிற்சி பலன் தர மாதக்கணக்காகும். அதுவரை கடிக்க வாய்ப்பே தராமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு கடியும் நாய்க்கு ஒரு பாடம். கடித்தால் கை விலகும் என்று அது கற்றுக்கொள்கிறது.

எங்கள் பக்கத்தில் நாய் என்றால் கேட்டருகே வேப்பமரத்தில் சங்கிலி. பகல் முழுக்கக் கட்டு, ராத்திரி அவிழ்ப்பு. பாலக்கோட்டில் சொந்தக்காரர் வீட்டு ஷெப்பர்டு அப்படித்தான் வளர்ந்தது. ரோட்டில் போகிற ஒவ்வொரு பைக்கையும் பார்த்துப் பாய்வான், சங்கிலி கழுத்தை இழுக்கும். ஆள் வந்தால் கழுத்து வலிக்கும் என்பதுதான் அவன் மூன்று வருடம் படித்த படிப்பு. ஓட முடியாத நாய்க்கு மிச்சம் இருக்கும் வழி எதிர்ப்பது ஒன்றே. சங்கிலிக்குப் பதில் கொல்லையில் வேலியடைத்த இடம் கொடுங்கள். ரோடு கண்ணில் படாதபடி கீழ்ப்பாதிக்குத் தகடோ பச்சை வலையோ கட்டினாலே பாதிக் குரைப்பு அடங்கும்.

தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு இடைச்செருகல்: ராத்திரி அவிழ்த்துவிட்ட நாய் யானையைப் பார்த்துக் குரைத்துவிட்டு, துரத்தினால் நேராக வீட்டுக்கே ஓடிவரும், பின்னால் யானையும் வரும். அங்கே கடி இரண்டாவது கவலைதான்.

சிறு பிள்ளைகளையும் நாயையும் பெரியவர் பார்வையில்லாமல் ஒரே இடத்தில் விடாதீர்கள், அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும். தின்னும்போது, தூங்கும்போது, குட்டி போட்டிருக்கும்போது கிட்டே போகக் கூடாது என்பதைப் பிள்ளைக்கு அ, ஆ போலச் சொல்லிக்கொடுங்கள். கழுத்தைக் கட்டிப்பிடிப்பது நமக்குப் பாசம், நாய்க்கு மாட்டிக்கொண்ட உணர்வு. போட்டோவுக்காகப் பிள்ளை முகத்தை நாய் முகத்தோடு ஒட்டவைப்பதைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது.

வாய்க்கூடு பழக்குவது அவமானம் இல்லை. களத்தில் நெற்போர் அடிக்கையில் மாட்டுக்குக் கட்டுவதில்லையா, அதே வேலைதான். கூடை மாதிரி இருப்பதாக வாங்குங்கள், உள்ளே வாய் திறந்து மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை நம் ஊர் ஏப்ரல் வெயிலில் ஆபத்து, நாய் வாய் திறந்து இரைத்துத்தான் உடம்புச் சூட்டை இறக்குகிறது. முதல் நாள் கூட்டுக்குள் கொஞ்சம் தயிர் தடவித் தரையில் வையுங்கள், அதுவே மூக்கை நுழைக்கட்டும். வாரைப் பூட்டுவது ஒரு வாரம் கழித்து, அதுவும் சில நொடிகளுக்கு. அவசரப்பட்டு மாட்டினால் அடுத்த முறை கூட்டைப் பார்த்ததுமே ஓடும்.

ஆறாம் படி: காரணத்துக்கேற்ற பயிற்சி

தட்டையும் கொட்டையையும் காக்கிற நாய்க்கு

டைகருக்குச் செய்தது இது. ராகிக் களி போட்ட தட்டை வைத்துவிட்டு விலகி நிற்பேன். எவ்வளவு தூரத்தில் நின்றால் அவன் தலை தூக்காமல், வேகம் கூட்டாமல், வால் தளர்ந்தபடியே தின்கிறான் என்று பார்த்தேன். எங்கள் வாசலில் அது பன்னிரண்டு அடி. அங்கிருந்து வேகவைத்த கோழி ஈரல் துண்டு ஒன்றைத் தட்டருகே எறிந்துவிட்டுத் திரும்பி நடந்துவிடுவேன். அவ்வளவுதான், அன்றைய பாடம் முடிந்தது. மனிதன் வந்தால் தட்டில் கூடும், குறையாது. நான்கைந்து நாளைக்கு ஒரு முறை அரையடி முன்னால். ஒரு நாள் ஒன்பதடியில் அவன் தலையைத் தட்டுக்குள் அழுத்தி வேகவேகமாக விழுங்கினான், கண் ஓரத்தில் வெள்ளை தெரிந்தது. மறுநாள் பதினோரு அடிக்குப் போய்விட்டேன். பின்வாங்கினால் நாய் தலைமேல் ஏறிவிடும் என்று அப்பா முணுமுணுத்தார். ஏறவில்லை. சில மாதம் கழித்துத் தட்டுப் பக்கத்தில் நான் நிற்க, நிமிர்ந்து என் கையைப் பார்த்தான், ஈரல் எங்கே என்பது போல.

தட்டைப் பிடுங்கிப் பிடுங்கிக் கொடுத்துப் பழக்குவது என்று ஒரு பழைய முறை உண்டு. நீங்கள் தின்கிற இலையை ஒருவர் தினமும் இழுத்து இழுத்துக் கொடுத்தால் அவரைக் கண்டு உங்களுக்கு அன்பா பெருகும்?

வாயில் இருப்பதை வாங்க "குடு" என்ற சொல்லைத் தனியாகப் பழக்குங்கள். முதலில் மதிப்பில்லாத குச்சி. மூக்கருகே ஈரலைக் காட்டுங்கள், குச்சி தானாக விழும், ஈரலைக் கொடுத்துவிட்டுக் குச்சியையும் திருப்பிக் கொடுங்கள். பண்டமாற்று நியாயமாக இருக்கிறது என்று நாய்க்குத் தெரிய வேண்டும். பிறகு பந்து, பிறகு எலும்பு, கடைசியில் மாங்கொட்டை. கொட்டையை மட்டும் திருப்பிக் கொடுக்க வேண்டாம், இரண்டு மடங்கு ஈரலால் ஈடுகட்டுங்கள்.

ஆள் கண்டால் பாய்கிற நாய்க்கு

பெரும்பாலும் இது பயம், வீரம் இல்லை. கோட்பாடு அதேதான். ஆளைப் பார்த்தும் தின்னக்கூடிய தூரத்தைக் கண்டுபிடியுங்கள். ஆள் தெரிந்தால் ஈரல், ஆள் மறைந்தால் ஈரலும் நின்றுவிடும். ஆள் முதலில் வர வேண்டும், தீனி அப்புறம், இந்த வரிசை முக்கியம். நாய் தின்ன மறுத்தால் தூரம் போதவில்லை என்று அர்த்தம். சித்தப்பாவையே மோட்டார் கொட்டகையருகே நிறுத்தி ஆரம்பித்தோம். "கடிச்ச நாய்க்கு ஈரலு, கடி வாங்குனவனுக்கு வெயிலா" என்று கேட்டபடியே நின்றார். சாயங்காலம் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் சொல்லிவையுங்கள்: ஓடாதீர்கள், கண்ணுக்குள் பார்க்காதீர்கள், மேலே குனிந்து தலையைத் தடவாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள், நாயே வந்து மோந்து பார்க்கட்டும்.

கடித்து விளையாடுகிற குட்டிக்கு

இது கோபம் இல்லை. மூன்று நான்கு மாதத்தில் பால் பற்கள் விழத் தொடங்கி ஆறேழு மாதத்துக்குள் 42 பற்கள் முளைக்கும், ஈறு அரிக்கும். கை மேல் பல் பட்டால் விளையாட்டை அரை நிமிடம் நிறுத்திவிட்டு எழுந்து போங்கள். கடிக்க முடிச்சுப் போட்ட கயிறு கொடுங்கள். இவ்வளவு போதும்.

ஆனால் குட்டி வாங்கும்போதே ஒரு கணக்கு உண்டு. கடியை எவ்வளவு அழுத்தலாம் என்று குட்டிக்குச் சொல்லிக்கொடுப்பது தாயும் கூடப்பிறந்த குட்டிகளும்தான். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்கின்றன. பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும் முப்பது நாள் குட்டிகளை அழகாக இருக்கிறதே என்று வாங்காதீர்கள். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை எதையெல்லாம் பயமில்லாமல் பார்க்கிறதோ அதெல்லாம் பின்னால் அதற்குச் சாதாரணம். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்க வேண்டாம், தூக்கிக்கொண்டே சந்தை, பஸ், குடை, ஹெல்மெட் போட்டவர், தாடி வைத்தவர் எல்லாம் காட்டுங்கள். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில் தொடங்கும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல்.

நாய்க்கு நாய் சண்டை என்றால் நடுவில் கையை விடாதீர்கள். பக்கெட் தண்ணீர், சாக்கு, தகரத்தைத் தட்டும் சத்தம், அவ்வளவே.

ஏழாம் படி: செய்யக் கூடாதவை

அடி, சூடு, மூக்கில் தட்டுவது, மல்லாக்கத் தள்ளி அமுக்கிப் பிடிப்பது. "நீதான் தலைவன்னு காட்டணும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து 1947-இல் எழுதியதிலிருந்து. அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், பிறகு காட்டில் திரியும் ஓநாய்களைப் பல வருடம் பார்த்துவிட்டு, கூட்டத் தலைமை என்பது பெரும்பாலும் தாய் தகப்பன் பிள்ளைகளை வளர்ப்பதுதான் என்று 1999-இல் தானே திருத்தி எழுதினார். திருத்தம் மட்டும் இன்னும் நம் ஊர் வரை வந்து சேரவில்லை.

உறுமினால் திட்டாதீர்கள். கையை எடுத்துக்கொண்டு விலகுங்கள், என்ன பிடிக்கவில்லை என்று நோட்டில் எழுதுங்கள்.

எட்டாம் படி: கைமீறிப் போனால்

நான்காம் நிலைக் கடி, எச்சரிக்கையே இல்லாத தொடர் கடிகள், வீட்டில் கைக்குழந்தை இருப்பது, இதில் ஏதாவது இருந்தால் நாயின் நடத்தையைப் படித்த மருத்துவரைத் தேடுங்கள். இங்கே கிடைக்காவிட்டால் பெங்களூரு இரண்டு மணி நேரப் பயணம்தான். சில நாய்களுக்குப் பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரை தேவைப்படும், மருத்துவர் எழுதினால் மட்டும். "பத்து நாளில் கடியை நிறுத்துவோம்" என்று உத்தரவாதம் தருகிற பயிற்சிக்காரர் ஒருவரிடம் நான் ஏழாயிரம் ரூபாய் தொலைத்தேன். கழுத்தில் மின்னதிர்ச்சி தரும் ஷாக் பட்டை மாட்டினார், டைகர் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியைவிட்டு வெளியே வரவில்லை.

வேறு வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால் கடித்த கதையை மறைக்காதீர்கள். சட்டமும் கவனத்தில் இருக்கட்டும்: வளர்க்கிற பிராணியால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாத அலட்சியத்துக்கு, பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. கருணைக்கொலை என்ற கடைசி முடிவு சில குடும்பங்களுக்கு வரத்தான் செய்கிறது. அதை மருத்துவரோடு உட்கார்ந்து எடுக்க வேண்டும், கோபத்தில் எடுக்கக் கூடாது.

டைகருக்கு இப்போது எட்டு வயது. பறிப்பு நடக்கிற நாட்களில் அவனைக் கொல்லைப்புற அறையில் மின்விசிறியைப் போட்டு, தண்ணீர் வைத்து விட்டுவிடுகிறேன். போன வாரம் சித்தப்பா வந்திருந்தார். அவர் எறிந்த கொட்டையைக் கவ்விக்கொண்டு டைகர் கட்டிலுக்கு அடியில் போனான். சித்தப்பா கையை நீட்டாமல் நின்றார். டைகர் லேசாக உறுமினான், எத்தனையோ வருடம் கழித்து நான் கேட்ட முதல் உறுமல். "டேய், ஈரல் எங்கடா வெச்சிருக்க?" என்று சித்தப்பா சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினார்.